இம்பிளாண்ட் பல்லின் கிரவுண் ஏன் உடைகிறது? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் வைத்தியர் இல்லை, பல் கட்டுகிறவன். வைத்தியர்கள் எடுத்து அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு வவுனியாவில் ஒரு சின்ன லாப்பில் கிரவுண் செய்வதுதான் வேலை. கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வேலை வரும். செய்து அனுப்பியதில் சிலது உடைந்து திரும்பியும் வரும். அப்படி வந்தவற்றை ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். கீழே இருக்கிற பதில்களில் பாதி அந்தப் போத்தலிலிருந்து வந்தவை.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். உங்கள் வாய்க்குள் எது செய்வது என்ற முடிவு உங்கள் பல் வைத்தியருடையது.

இம்பிளாண்ட் எது, கிரவுண் எது? இரண்டும் ஒன்றா?

இல்லை. எலும்புக்குள் இறங்கி இருக்கிற டைட்டேனியத் திருகுதான் இம்பிளாண்ட். அதற்கு மேலே முரசுக்கு வெளியில் தலை நீட்டுகிற இடைத்துண்டு அபட்மென்ட். அதற்கும் மேலே, கண்ணாடியில் பார்க்கும்போது பல் என்று தெரிகிறதே, அது கிரவுண். டைட்டேனியத்தோடு எலும்பு இறுகிக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடித்தவர் சுவீடனைச் சேர்ந்த பிரானெமார்க். அவர் முதல் நோயாளிக்கு அதை வைத்தது 1965 இல். எலும்புக்குள் இருக்கிற திருகு முறிவது மிக அரிது. வில்லங்கம் வருவது அனேகமாக மேலே இருக்கிற இரண்டிலும்தான்.

"தம்பி, ஆகப் பலமான சாமானைப் போடுங்கோ. எது ஆகப் பலம்?"

எண்ணைக் கேட்டால் எண் இருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் சின்னக் கோலாகவோ வட்டாகவோ செய்து, வளைத்து உடைத்துப் பார்ப்பார்கள். உடைகிற கணத்தில் அதில் இருந்த அழுத்தம் மெகாபாஸ்கலில் வரும். மேற்பூச்சாகப் போடுகிற போர்சலின் 100 இற்குக் கிட்டவோ அதற்குக் கீழேயோ நிற்கும். லித்தியம் டைசிலிக்கேட் என்கிற கண்ணாடிப் பீங்கான் 360 இலிருந்து 500 வரை. சிர்கோனியா என்கிற வெள்ளைப் பீங்கானில் பழைய, கொஞ்சம் சுண்ணாம்பு மாதிரி வெளிறின வகை 900 இலிருந்து 1200 வரை போகும். வெளிச்சம் ஊடுருவுகிற புதிய வகை அதில் பாதிக்குக் கிட்ட, 500 முதல் 700 வரை. கோபால்ட் குரோமியம் மாதிரி உலோகங்களை இந்த வரிசையில் வைக்க முடியாது. உலோகம் வளையும், சிதறாது.

சரி, அப்படியென்றால் பழைய சிர்கோனியாவை எல்லாருக்கும் போட்டுவிட்டால் முடிந்தது என்று தோன்றும். நானும் தொழில் பழகின காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போத்தலுக்குள் பார்த்தால் அதில் சிர்கோனியாவும் கிடக்கிறது. அந்த எண் நல்லாய் மினுக்கின, கீறல் இல்லாத ஒரு கோலுக்கு உரியது. உங்கள் வாய்க்குள் போவது கோல் இல்லை. பள்ளமும் மேடும் துளையும் உள்ள பல். அது எந்த இடத்தில் மெல்லிசு, எந்த இடத்தில் கீறல் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உடையும். ஆகவே வைத்தியரிடம் எது பலம் என்று கேட்பதை விட, "என் வாயில் இது உடைவதாக இருந்தால் எங்கிருந்து உடையும்?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வைத்தியர் அந்தக் கேள்வியில் நிமிர்ந்து உட்காருவார்.

பலமாக இருக்கிற ஒன்று எப்படித் திடீரென்று உடையும்?

ஏ9 வீதியில் ஓடுகிற பஸ்ஸின் முன்கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்னக் கல் பட்டு நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு. அன்றைக்கு ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு நாள் குழிக்குள் சில்லு விழும்போது அந்த நட்சத்திரத்திலிருந்து ஒரு கோடு விறுவிறென்று மூலை வரைக்கும் ஓடும். கண்ணாடியின் பலம் ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. வெடிப்பின் நுனியில் விசை குவிகிறது, அவ்வளவுதான். கண்ணாடி அதன் கணக்குப் பலத்தை விட மிகக் குறைந்த விசையில் உடைவது கண்ணுக்குத் தெரியாத கீறல்களால்தான் என்று 1921 இலேயே கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் காட்டிவிட்டார். பல் பீங்கானுக்கும் அதே கதைதான்.

இதனால் பலத்தோடு இன்னொரு குணத்தையும் பார்க்கவேண்டும். ஏற்கெனவே ஒரு வெடிப்பு இருந்தால் அது ஓடாமல் எவ்வளவுக்குப் பிடித்து வைக்கிறது என்பது அது. உடைவுத் தாங்குதிறன் என்று சொல்லலாம். அதன் அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஒப்பிட்டால், போர்சலினுக்கு ஏறக்குறைய 1, லித்தியம் டைசிலிக்கேட்டுக்கு 2 முதல் 3 வரை, பழைய சிர்கோனியாவுக்கு 5 அல்லது அதற்கு மேல். இரும்புக்கு 50 தாண்டும். "இரும்பு மாதிரி" என்று யாராவது பீங்கானை விற்றால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிர்கோனியாவின் தாங்குதிறனுக்குப் பின்னால் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. அதன் மணிகள் ஒரு இறுக்கமான பளிங்கு வடிவத்தில் அடைபட்டு நிற்கின்றன. வெடிப்பின் நுனி கிட்ட வந்ததும் அங்குள்ள மணிகள் வேறு வடிவத்துக்கு மாறி, ஏறக்குறைய 4 சதவீதம் பருக்கின்றன. பருத்து வெடிப்பை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கின்றன. 1975 இல் இதை முதலில் எழுதினவர்கள் சிர்கோனியாவை உருக்கோடு ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீடுதான் இன்றுவரை விளம்பரங்களில் ஓடுகிறது.

சொந்தப் பல்லுக்குப் போட்ட கிரவுண் பத்து வருடமாக இருக்கிறது. இம்பிளாண்டுக்குப் போட்டது ஏன் இரண்டு வருடத்தில் தெறித்தது?

சொந்தப் பல் எலும்பில் நேரே ஒட்டியிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு நார்ப்படை, மெத்தை மாதிரி. கடிக்கும்போது பல் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். அந்த நாருக்குள் நரம்பும் இருப்பதால், தலைமயிரை விட மெல்லிசான ஒரு தகடு பல்லிடையில் அகப்பட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். சோற்றுக்குள் கல் கடிபட்டதும் தாடை தன்பாட்டில் திறப்பது அதனால்தான்.

இம்பிளாண்டுக்கு அந்த மெத்தை இல்லை. எலும்போடு எலும்பாக நிற்கும். இறங்கிக் கொடுப்பது மைக்ரோமீற்றர் கணக்கில்தான். உணர்வும் மந்தம். கல் கடிபட்டது மூளைக்குத் தெரிவதற்குள் முழு விசையும் கிரவுணில் இறங்கியிருக்கும். ஆரோக்கியமான ஒருவர் கொடுப்புப் பல்லில் இறுக்கிக் கடித்தால் 400 முதல் 800 நியூட்டன் வரை வரும். ஒரு சீமெந்து மூட்டையைப் பல்லில் தூக்கி வைத்த மாதிரி. அதோடு, அடியில் இருக்கிற திருகு 4 அல்லது 5 மில்லிமீற்றர் அகலம். மேலே இருக்கிற பல் 10 மில்லிமீற்றர். சின்னத் தண்டில் பெரிய குடை. ஓரத்தில் கடித்தால் நெம்புகோல் வேலை செய்யும்.

அதனால்தான் இம்பிளாண்ட் கிரவுணைச் செய்யும்போது மற்றப் பற்களை விட ஒரு மயிரிழை தாழ்த்தி வைப்போம். மெதுவாகக் கடித்தால் தட்டக்கூடாது, இறுக்கிக் கடித்தால் மட்டும் தட்டவேண்டும். "இந்தப் பல் முழுசாகக் கடிபடவில்லை" என்று முறைப்பாடு வரும். அது பிழையில்லை.

உடைந்ததைப் பார்த்து எங்கிருந்து உடைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இதைக் கேட்டால் எனக்குச் சந்தோசம். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு கீழ்க் கொடுப்புப் பல் மூன்று துண்டாக வந்தது. லித்தியம் டைசிலிக்கேட். நடுவில் திருகாணிக்குத் துளை விட்ட கிரவுண். ஐயா வெறுந்தேத்தண்ணியோடு பனங்கட்டி கடித்திருக்கிறார், "டக்" என்று ஒரு சத்தம். கடிதத்தில் "பனங்கட்டியால் உடைந்தது" என்று எழுதியிருந்தது.

துண்டைக் கழுவிக் காயவைத்து, பத்து மடங்கு பெருக்குகிற லென்ஸில் வைத்து, ரோர்ச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்தேன். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது, நிழல் விழவேண்டும். உடைந்த முகத்தில் மெல்லிய வரிகள் எழும்பி நிற்கும். பனையோலை விசிறியின் நரம்புகள் மாதிரி விரிந்து போகும். விசிறியில் நரம்பெல்லாம் காம்பில் வந்து சேருவது போல, இந்த வரிகளும் ஒரு புள்ளியில் வந்து சேரும். அந்தக் காம்புதான் வெடிப்புத் தொடங்கின இடம். எதிர்ப் பக்கத்தில், வெடிப்பு வெளியேறுகிற ஓரத்தில், சின்ன உதடு மாதிரி ஒரு வளைவு இருக்கும். பச்சைத் தடியை முறித்தால் ஒரு பக்கம் மடிந்து நிற்குமே, ஏறக்குறைய அந்த மாதிரி. தொடக்கம் ஒரு பக்கம், முடிவு மறுபக்கம் என்று இரண்டையும் வைத்து உறுதிப்படுத்தலாம்.

இந்தத் துண்டில் காம்பு வந்து நின்றது திருகாணித் துளையின் ஓரத்துக்குக் கிட்ட, மேல் முகத்துப் பள்ளத்தில். அந்த இடம் மினுக்கம் இல்லாமல் மங்கலாக இருந்தது. லென்ஸில் பார்த்தால் பர் (பல்லை அராவுகிற சுழல் முனை) ஓடின கீறல்கள், உழவு போட்ட வயல் மாதிரி. பல் உயரமாகக் கடிபட்டிருக்கிறது, வாயிலேயே வைத்து அராவியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு மினுக்கவில்லை. தடிப்பை அளந்தேன்: 0.9 மில்லிமீற்றர். இந்தப் பொருளுக்குக் கொடுப்பில் 1.5 வேண்டும்.

அராவினதால் மட்டும் அவ்வளவு குறையாது. என் கணினியில் பழைய வடிவமைப்பைத் திறந்து பார்த்தேன். பள்ளம் அழகாக வரவேண்டும் என்று நானே அந்த இடத்தை ஆழமாக்கி 1.1 இல் விட்டிருக்கிறேன். வளைந்து உடைகிற ஒரு தகட்டின் தாங்குசக்தி தடிப்பின் வர்க்கத்தோடு போகும். தடிப்புப் பாதியானால் பலம் நாலில் ஒன்று. 1.5 இற்குப் பதிலாக 0.9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். பனங்கட்டி பாவம், கடைசியாக வந்து மாட்டுப்பட்டது. புதிதாகச் செய்து கொடுத்ததற்கு நான் காசு வாங்கவில்லை.

போர்சலின் கொஞ்சம் தெறித்துவிட்டது, உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. முழுதும் மாற்றவேண்டுமா?

உலோகத்துக்கு மேல் போர்சலின் சுட்ட கிரவுண் அது. தெறித்தது மேற்பூச்சு; உள்ளே இருக்கிற உலோகம் நிற்கிறது. சின்னச் சில்லாக இருந்து, கடிபடாத இடமாக இருந்தால் வைத்தியர் மினுக்கிவிடுவார், அல்லது பல் நிற அடைப்புப் பொருளால் நிரப்புவார். பெரிய துண்டென்றால் கழற்றி எடுத்துத் திரும்பச் சுடவேண்டும். திருகாணியால் பூட்டினதென்றால் கழற்றுவது சுகம்.

சிர்கோனியாவுக்கு மேலும் இதே மாதிரிப் போர்சலின் பூசினார்கள். ஆரம்பத்தில் அது மிகவும் தெறித்தது. ஒரு காரணம், சிர்கோனியா சூட்டைக் கடத்துவதில் மந்தம். சூளையிலிருந்து அவசரமாக எடுத்தால் வெளிப்பூச்சு ஆறிவிடும், உள்ளே இன்னும் கொதிக்கும். அந்த இழுபறி பூச்சுக்குள் பூட்டப்பட்டு விடும். பிறகு ஒரு நாள் முறுக்குக் கடிக்கும்போது பூட்டுத் திறக்கும். மெதுவாக ஆறவைக்கப் பழகின பிறகு குறைந்தது. கொடுப்புப் பல்லுக்கு இப்போது நான் பூச்சே போடுவதில்லை. ஒரே கட்டியாக வெட்டின சிர்கோனியா, மேலே நிறம் மட்டும்.

அதற்காக உலோகப் போர்சலினை யாரும் கழித்துவிட வேண்டாம். 2018 இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இம்பிளாண்ட் மேல் வைத்த ஒற்றைக் கிரவுண்களில் 5 வருடம் தாண்டி நின்றவை உலோகப் போர்சலினில் 98.3 சதவீதம், சிர்கோனியாவில் 97.6 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

முன்பல்லுக்கு இயற்கையாகத் தெரிய வேண்டும். பலத்தையும் விடமுடியாது. இரண்டும் கிடைக்குமா?

முழுதாகக் கிடைக்காது. சிர்கோனியாவில் இட்ரியா என்ற பொருளைக் கலப்பார்கள். 3 சதவீதம் கலந்தால் பலமானது, வெளிறினது. 5 சதவீதம் கலந்தால் வெளிச்சம் ஊடுருவும், பல் உயிரோடு இருக்கும். ஆனால் முன்னே சொன்ன அந்தப் பருத்து நெருக்குகிற வித்தை அதில் அனேகமாக நடக்காது, அதனால் பலமும் தாங்குதிறனும் இறங்கிவிடும். பெயர் இரண்டுக்கும் சிர்கோனியாதான். "சிர்கோனியா போட்டோம்" என்று யாராவது சொன்னால் எந்தச் சிர்கோனியா என்று கேட்கவேண்டும். முன்பல்லில் கடிவிசை கொடுப்பில் வருவதன் ஒரு பங்குதான் என்பதால் வெளிச்சம் ஊடுருவுகிற வகையோ லித்தியம் டைசிலிக்கேட்டோ அங்கே போதும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல். வவுனியா மாதிரி வரண்ட இடங்களில் சில கிணறுகளில் புளோரைட் கூட. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கோடும் இருக்கும். நிற அட்டையில் இருக்கிற எந்த நிறமும் அதற்குப் பொருந்தாது. ஒரே சீரான வெள்ளையில் ஒரு பல்லைச் செய்து நடுவில் வைத்தால் அது மட்டும் தனியாகச் சிரிக்கும். பகல் வெளிச்சத்தில், பக்கத்துப் பல்லும் தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திட்டையும் கோட்டையும் நான் கையால் தீட்டிவிடுவேன்.

சிர்கோனியா அவ்வளவு கடினம் என்றால் எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடாதா?

எல்லாரும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. எதிர்ப்பல்லைத் தேய்ப்பது கடினத்தன்மை இல்லை, சொரசொரப்புத்தான். நன்றாக மினுக்கின சிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்ப்பது போர்சலினை விடக் குறைவு. மினுக்காமல் அராவி விட்டால் அரம். கிளேஸ் பூசி மினுக்கம் காட்டினாலும் அந்தப் பூச்சுக் கொஞ்ச நாளில் தேய்ந்து போய், அடியில் இருக்கிற சொரசொரப்பு வெளியே வரும். ஆகவே முதலில் மினுக்கு, பிறகு பூச்சு.

புளுக்கொடியல், நண்டுக்கால், கச்சான், பாக்கு... எதை விடவேண்டும்?

கச்சானையும் முறுக்கையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். நண்டுக்காலைப் பல்லால் உடைக்கவேண்டாம். நந்திக்கடல் நண்டென்றாலும் அம்மிக்குழவி இருக்கிறது. புளுக்கொடியலைத் துண்டாக முறித்து, வாயில் ஊறவிட்டுச் சப்புகிறவர்கள் தப்பிக்கொள்வார்கள். முழுசாகக் கடித்து முறிக்கிறவர்கள் எனக்கு வேலை தருகிறார்கள். பனங்கட்டியைச் சின்னதாக உடைத்து வாயில் போடலாம். கொட்டைப்பாக்கு வேண்டாம், சீவல் போடுங்கள். வெற்றிலைக் கறை கிரவுணில் பிடிக்கும், ஆனால் அதனால் பலம் குறையாது.

நான் உண்மையாகப் பயப்படுவது அரிசிக் கல்லுக்கு. பனங்கட்டி கடினம்தான், ஆனால் அகலமாகத் தொடுகிறது, விசை பரவும். கல் ஊசி மாதிரி ஒரு புள்ளியில் குத்தும். அந்தப் புள்ளியில் பீங்கான் நசிந்து, அடியில் ஒரு சின்ன வெடிப்பு உண்டாகும். அன்றைக்குத் தெரியாது. வாய் எப்போதும் ஈரம். வெடிப்பின் நுனியில் தண்ணீர் புகுந்து, கண்ணாடிப் பீங்கானின் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வெடிப்பு ஊர்ந்து போகும். பிறகு ஒரு நாள் இடியப்பம் சாப்பிடும்போது உடையும். "இடியப்பத்துக்கு உடையிற பல்லா செய்து தந்தனீங்கள்?" என்று கேட்டுத் தொலைபேசி வரும். வீட்டில் புடைத்த அரிசி என்றால் கொஞ்சம் பார்த்துக் களையுங்கள்.

சோடா மூடி திறக்கலாமா?

இல்லை.

இரவில் பல் நெருமுகிறேன் என்று மனுசி சொல்கிறா. இம்பிளாண்ட் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முதலில் வைத்தியருக்குச் சொல்லுங்கள். நித்திரையில் நெருமும்போது விசைக்குக் கட்டுப்பாடு கிடையாது, பக்கவாட்டிலும் இழுக்கும், மணிக்கணக்கில் நீடிக்கும். மற்றப் பற்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலே நெருமுகிறீர்கள். இப்படியானவர்களுக்கு நான் ஒரே கட்டிச் சிர்கோனியா, பலமான வகை, கடி முகத்தில் குறைந்தது 1 மில்லிமீற்றர் தடிப்பு, மேடு பள்ளத்தைக் குறைத்துத் தட்டையாகச் செய்வேன். இரவுக்குப் பிளாஸ்ரிக் கவசமும் வேண்டும். கவசத்தை அலுமாரியில் வைத்துவிட்டு "உடைந்துவிட்டது" என்று வருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

பல் ஆடுகிறது. இம்பிளாண்ட் முறிந்துவிட்டதா?

பெரும்பாலும் திருகாணி தளர்ந்திருக்கும். இம்பிளாண்ட் பற்களில் மிகவும் காணப்படுகிற பொறிமுறைக் கோளாறுகளில் அது ஒன்று. பயப்படவேண்டாம், ஆனால் பிந்தவும் வேண்டாம். ஆட ஆட விசையெல்லாம் திருகாணியின் கழுத்தில் ஏறி, கடைசியில் அது முறிந்து உள்ளே நிற்கும். முறிந்த துண்டை எடுப்பது வைத்தியருக்குப் பெரிய பாடு.

மேலே துளை விட்டுத் திருகாணியால் பூட்டின கிரவுண் என்றால், அடைப்பை எடுத்து, கீழே இருக்கிற வெள்ளை ரேப்பை இழுத்துவிட்டு, அளவுச் சாவியால் திரும்ப இறுக்கலாம். (அந்த ரேப் பைப் பூட்டுகிறவர்கள் சுற்றுகிற அதே தெஃப்லோன் ரேப்தான், கிருமி நீக்கினது.) சீமெந்துப் பசையால் ஒட்டினதற்குத் துளை கிடையாது. பீங்கானுக்குத் துளை நல்லதில்லை என்பது உண்மை, அதன் ஓரம் பலவீனம். ஆனாலும் கழற்ற முடியும் என்பதற்காகவும், முரசுக்கு அடியில் பசை தங்கிப் புண்ணாக்காது என்பதற்காகவும் நான் துளையின் பக்கம்தான். சில வேளை ஆடுவது வேறு காரணத்தால்: கிரவுணுக்கும் அடியில் இருக்கிற டைட்டேனியத் துண்டுக்கும் இடையில் பசை விட்டிருக்கும். அது லாப்பில் செய்த ஒட்டு. எங்களுக்கு அனுப்பினால் மணல் அடித்துத் திரும்ப ஒட்டித் தருவோம்.

முகத்தில் ஷெல் துண்டு இருக்கிறது. தாடையும் ஒருமுறை உடைந்து பொருந்தினது. எனக்கு இது சரிவருமா?

இந்தக் கேள்வியை வன்னிக்கு வெளியே யாரும் கேட்பதில்லை. இங்கே அடிக்கடி வரும்.

வைத்தியர் பார்க்கிற கோன் பீம் ஸ்கானில் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) உலோகத் துண்டு வெள்ளைக் கீற்றுகளாக அடித்து, அக்கம்பக்கத்து எலும்பை மறைக்கும். துண்டு எங்கே என்று முன்கூட்டியே சொன்னால் அவர் அதற்கேற்ப எடுப்பார். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்க வந்தால் டைட்டேனியத்தாலும் சிர்கோனியாவாலும் ஆபத்து இல்லை, காந்தம் இழுக்காது. ஷெல் துண்டு உருக்காக இருக்கலாம், அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

கிரவுண் பக்கத்தில் என் கவலை வேறு. உடைந்து பொருந்தின தாடை நேராகக் கடிபடாது. ஒரு பக்கத்தில் இரண்டு பல் மட்டும் முட்டும், மற்றதெல்லாம் வெளியே நிற்கும். அந்த இரண்டில் ஒன்று இம்பிளாண்ட் என்றால் வாயின் முழு வேலையும் அதற்குத்தான். ஒரு அம்மாவுக்கு மூன்று தரம் கிரவுண் தெறித்தது. நாலாவது தரம் வைத்தியர் பொருளை மாற்றவில்லை. மறுபக்கம் ஒரு கழற்றுகிற பல்செற்று வைத்துக் கடியைச் சமப்படுத்தினார். பிறகு அவ வரவில்லை. போன சித்திரைக்குப் பலகாரம்தான் வந்தது.

வெளிநாட்டில் வைத்த பல் இங்கே வந்து உடைந்துவிட்டது. செய்து தருவீர்களா?

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறவர்களோடு இந்தக் கேள்வியும் வரும். கிரவுண் செய்வது பிரச்சினையில்லை. உள்ளே இருக்கிற இம்பிளாண்ட் எந்தக் கம்பனி, எந்த அளவு என்று தெரியவேண்டும். ஒவ்வொன்றுக்கும் திருகாணியும் சாவியும் வேறு. பொருத்தமில்லாத திருகாணியைப் போட்டு இறுக்கினால் உட்புரி போய்விடும், பிறகு இம்பிளாண்டையே இழக்கவேண்டி வரலாம். வைத்தவர்கள் கொடுத்த அட்டையைப் படமெடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள்.

தற்காலிகமாகப் போட்ட பிளாஸ்ரிக் பல் நன்றாகத்தானே இருக்கிறது, அதையே வைத்திருக்கலாமா?

அது அக்ரிலிக். பலம் 100 மெகாபாஸ்கலுக்குக் கிட்ட. மாதக்கணக்குக்குச் செய்தது. தேயும், நிறம் மாறும், மணம் பிடிக்கும். முரசு ஆறும்வரை அது நல்லது, மெதுமை என்பதால் விசையைக் கொஞ்சம் உறிஞ்சும். வருடக்கணக்குக்கு இல்லை.

சிர்கோனியா தண்ணீரில் ஊறிப் பழசாகும் என்கிறார்களே?

ஆகும், மெதுவாக. அந்தப் பருக்கிற மணிகள் வெடிப்பு இல்லாமலே, ஈரம் பட்டும் மாறத் தொடங்கும். 2001 இல் இடுப்பு மூட்டுக்குப் போட்ட சிர்கோனியாப் பந்துகளில் சில தொகுதிகள் உடைந்து, திரும்ப எடுக்கப்பட்டன. செய்கிற இடத்தில் சூளையை மாற்றினதிலிருந்து வந்த பிழை அது. இப்போது 134 பாகை நீராவியில் 5 மணித்தியாலம் வைத்துப் பழசாக்கிப் பார்க்கிறார்கள். பல்லைப் பொறுத்தவரை நான் கவனிப்பது என் சூளையை. வெட்டின சிர்கோனியா முதலில் சோக்கட்டி மாதிரி இருக்கும். 1500 பாகைக்குக் கிட்டச் சுட்டதும் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். சூடு குறைந்தாலும் கூடினாலும் மணிகளின் அளவு பிழைக்கும். கரண்ட் நடுவில் நின்றால் அந்தத் தட்டு முழுதும் குப்பைக்கு.

கம்பனிக்காரர் இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஐஎஸ்ஓ என்கிற சர்வதேசத் தர விதிகள் இருக்கின்றன. பீங்கானுக்கு ஐஎஸ்ஓ 6872. பசையை நம்பி ஒட்டுகிற ஒற்றைப் பல்லுக்குக் குறைந்தது 100 மெகாபாஸ்கல், பசையை நம்பாததற்கு 300, நாலு பல்லும் அதற்கு மேலும் உள்ள பாலத்துக்கு 800. இம்பிளாண்டுக்கு ஐஎஸ்ஓ 14801. 30 பாகை சரித்து வைத்து, எலும்பு 3 மில்லிமீற்றர் இறங்கின மாதிரிப் பிடித்து, 50 இலட்சம் தடவை தட்டுவார்கள். சரித்து வைப்பதுதான் முக்கியம். நேரே அமத்தினால் எதுவும் தாங்கும். சோதனை இயந்திரம் ஒரே இடத்தில், ஒரே விசையில் தட்டும். அரிசிக் கல்லை அது கடிப்பதில்லை.

உடைந்த துண்டைக் கொண்டுவர வேண்டுமா?

கட்டாயம். விழுங்காமல் இருந்தால் எல்லாத் துண்டையும் எடுத்து, தண்ணீரில் அலசி, தனித்தனியாகக் கடதாசியில் சுற்றிச் சின்னப் போத்தலில் போடுங்கள். ஒன்றோடொன்று உரசினால் அந்த விசிறி வரிகள் அழிந்துவிடும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, அதற்கு முன்னால் எப்போதாவது பல் அராவப்பட்டதா என்றும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். சுப்பர் குளூ போட்டு ஒட்டி வாயில் வைக்கவேண்டாம். கல்யாண வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவசரமென்றாலும் வேண்டாம், இரவில் கழன்று தொண்டைக்குள் போகும். துண்டு பெரிதாகப் போயிருந்தால் அந்தப் பக்கத்தால் கடிக்காமல், இரண்டு மூன்று நாளுக்குள் வைத்தியரிடம் காட்டுங்கள். போத்தலை அவரிடம் கொடுத்தால் பஸ்ஸில் என்னிடம் வந்து சேரும்.